எடித் கொண்டுவந்த உபவிதி

சிலுவைத்துறை நகரசபையில் எடித்துக்குக் கிடைத்தது பின்வரிசையில் ஓரத்துக் கதிரை. அந்தக் கதிரையில் அவள் முதுகைச் சாய்த்து இருந்ததை ஒருவரும் கண்டதில்லை. நுனியில் இருப்பாள். கையில் பேனை சுழன்றுகொண்டிருக்கும். தவிசாளர் வடிகாலைப் பற்றியும் மீன்சந்தைக் கூரையைப் பற்றியும் கதைத்து முடிக்கிற வரைக்கும் அவளுடைய பார்வை யன்னலுக்கு வெளியே தலைமன்னார் வீதியிலேயே கிடக்கும். வீதியில் மாடு நிற்கிறதா என்று பார்க்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் பார்க்கிறாள் என்பதும் தெரியும்.

அவளுடைய புருஷன் பெனடிக்ற் ஐஸ் லொறி ஓடியவன். கரையோர மீன்வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோய் இறக்கி, மீனோடு திரும்புகிற வேலை. ஒருநாள் லொறியைத் திருத்த விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். பொழுதுபடுகிற நேரம். தோட்டவெளி தாண்டிய வளைவில், தார் றோட்டின் சூட்டுக்குப் படுத்திருந்த கறுப்பு மாட்டை அவன் காணவில்லை. இடுப்பும் வலது காலும் நொறுங்கிப் போயின. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து, மாதக்கணக்காகக் கிடத்தி, கடைசியில் இரண்டு ஊன்றுகோல்களோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடு அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. அது என்னுடைய மாடு என்று சொல்லிக்கொண்டு ஒரு மனுஷரும் வரவில்லை.

பெனடிக்ற் மெல்ல மெல்ல வீட்டோடு பழகிக்கொண்டான். கதிரையில் இருந்தபடி வெங்காயம் உரிப்பான், குழம்பு வைப்பான், வாறவர் போறவரோடு பகிடி விடுவான். எடித்தால்தான் முடியவில்லை. தையல் மெஷினில் இருப்பவள் றோட்டில் பிறேக் சத்தம் கேட்டால் துணியைப் போட்டுவிட்டுப் படலைக்கு ஓடுவாள். கடைக்குப் போகிற வழியில் மாட்டைக் கண்டால் கல்லெடுத்து எறிவாள். எறிந்துவிட்டு, யாரும் பார்த்தார்களோ என்று திரும்பிப் பார்ப்பாள்.

அடுத்த வருஷம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் மாற்றிய பிறகு நடந்த முதல் தேர்தல் அது. கட்சிக்காரர் வேட்பாளராக நிற்கப் பெண்கள் தேடி வீடு வீடாகத் திரிந்தார்கள். எடித்திடமும் வந்தார்கள்.

"கட்டாக்காலி மாட்டுக்கு ஒரு சட்டம் கொண்டுவர விடுவியளோ? விடுவியளெண்டால் நிக்கிறன்" என்றாள்.

"அதுக்கென்னம்மா, தாராளமாக் கொண்டு வாங்கோ" என்றார்கள். அவள் கட்டாயம் தோற்பாள் என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும். ஆனால் அந்த வீதியில் மாட்டில் அடிபட்டு விழுந்தவர்கள் இல்லாத ஒழுங்கையே இல்லை. எடித் வென்றுவிட்டாள்.

வென்ற பிறகு அவள் வேறொன்றையும் நினைக்கவில்லை. செயலாளரை அரித்தெடுத்து, வேறு சபைகள் தங்கள் ஊருக்கென்று போட்ட சட்டங்களை, அதாவது உபவிதிகளை, வாங்கி வாசித்து, தானே ஒன்றை எழுதுவித்தாள். வீதியில் திரிகிற மாடு, ஆடு, கழுதை எதுவானாலும் சபை பிடித்து அடைக்கும். சொந்தக்காரர் சபைக் கந்தோரில் தண்டம் கட்டி, ரசீது காட்டி மீட்க வேண்டும். குறித்த நாளுக்குள் மீட்காவிட்டால் ஏலம். அடைத்த மிருகத்தை அனுமதி இல்லாமல் திறந்துவிடுகிறவரை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். கடைசிப் பிரிவை அவள் வற்புறுத்திச் சேர்த்தாள். ஆட்கள் வேலியை அறுத்து மாட்டைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

பிரேரணை சபைக்கு வந்த அன்று அப்துல் ஹமீட் எழும்பினார். ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவர், எதிர்க்கட்சி, அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணன் முறை வைத்து அவரை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"தங்கச்சி, பிடிச்சு அடைக்கிறது சரி. நான் மறிக்கேல்லை. ஆனா அடைச்ச பிறகு தண்ணி வைக்கிறது ஆர்? நிழல்? கண்டுக்குட்டி போட்ட மாடெண்டால் என்ன செய்யிறது? லீவு நாளிலை ஆரிட்டைக் காசு கட்டுறது? அதுகளுக்கும் ஒரு பிரிவு போடுவம்."

எடித் செயலாளரைப் பார்த்தாள். "அப்பிடிப் போட்டா எவ்வளவு சுணங்கும்?"

"திருப்பி எழுதி, திருப்பிச் சட்ட ஆலோசனைக்கு அனுப்ப வேணும். மூண்டு நாலு மாசம் போகும்" என்றார் செயலாளர்.

மூன்று நாலு மாதம். அதற்குள் எத்தனை பேர் அந்த வளைவில் விழப்போகிறார்களோ. "வேண்டாம் நானா. இப்பிடியே போகட்டும். மற்றதைப் பிறகு பாப்பம்" என்றாள்.

"பிறகெண்டால் எப்ப?"

"பிறகு."

ஹமீட் தன்னுடைய பிரிவுகளை எழுதிக் கொடுத்தார். வாக்குக்கு விட்டார்கள். ஹமீட்டின் திருத்தம் தோற்றது. எடித்தின் உபவிதி எழுதினபடியே நிறைவேறியது.

நிறைவேறினால் போதாது என்பது பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அது யாழ்ப்பாணத்தில் இருக்கிற மாகாணக் கந்தோருக்குப் போய், மேலிடத்து ஒப்பம் வாங்கி, அரசாங்க வர்த்தமானியில் அச்சாக வேண்டும். அதுவரைக்கும் அது வெறும் கடதாசி. எடித் போன் எடுத்தாள். போனில் ஆள் மாறி ஆள் கதைத்தார்கள். பிறகு நேரிலேயே போகத் தொடங்கினாள். யாழ்ப்பாண பஸ் விடத்தல்தீவைத் தாண்டுவதற்குள் மனதுக்குள் எல்லாரோடும் சண்டை பிடித்து முடித்திருப்பாள். அங்கே போனால் மேசைக்குப் பின்னால் இருக்கிற பிள்ளை மரியாதையாகச் சொல்லும்: "உங்கட பைல் மேல போயிட்டுது அம்மா. வந்தவுடன அறிவிப்பம்."

அந்த மாதங்களில் அவள் தைத்த சட்டைகள் பலதும் பிழையாய்ப் போயின. இடக்கை வலக்கை மாறிப் பொருத்தினாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூல் ஓட்டினாள். பெனடிக்ற் ஒருநாள் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"எடித், சட்டம் வந்தா என்ர கால் வருமோ? கொஞ்சம் ஆறுதலா இரன்."

"உங்களுக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்க வேணாமோ?"

"வேணாம்தான். ஆனா நீ சாப்பிடு."

அவள் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

மாசி மாதக் கடைசியில் வர்த்தமானி வந்தது. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்க அறிவித்தார்கள். பழைய சந்தை வளவைக் கம்பிவேலியால் அடைத்து, தகரப் படலை போட்டுப் பூட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சபைத் தொழிலாளர் கயிறும் தடியுமாக இறங்கினார்கள். எடித் றோட்டோரத்தில் நின்று பார்த்தாள். மாடுகளும் கழுதைகளுமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். கறுப்பு, சிவலை, வெள்ளை. வளைவு வரைக்கும் வீதி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அவள் வீட்டுக்குப் போய், எத்தனையோ நாளைக்குப் பிறகு கதிரையில் சாய்ந்து இருந்து தேத்தண்ணி குடித்தாள்.

அடுத்த நாள் காலையில் றஞ்சிதம் வந்தாள். அடுத்த ஒழுங்கைக்காரி. இரண்டு பசு வைத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் பால் கொடுக்கிறவள். படலைக்கு வெளியிலேயே நின்றாள்.

"எடித்தக்கா, என்ர ரெண்டையும் நேற்றுப் பிடிச்சுப் போட்டினம். பின்னேரம் கட்டாமல் விட்டது என்ர பிழைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. காசு கொண்டு வந்திருக்கிறன். கட்ட ஆளில்லை. கந்தோர் பூட்டு."

எடித்துக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று சனி. அடுத்தது ஞாயிறு. திங்கள் போயா, பௌர்ணமி லீவு. செவ்வாய் வரைக்கும் ரசீது எழுத யாரும் இல்லை.

"சிவலை கண்டு போட்டு ரெண்டு கிழமைதான் அக்கா. கண்டு வீட்டிலை கத்துது. போத்தல்லை பருக்கிப் பாத்தன், குடிக்குதில்லை."

எடித் தவிசாளர் அமிர்தநாயகத்துக்குப் போன் எடுத்தாள். அவர் கொழும்பில் ஒரு கலியாண வீட்டில் நின்றார். பின்னால் பாண்ட் வாத்தியம் கேட்டது.

"ரசீது இல்லாமல் விடக் கூடாதெண்டு எழுதினது நீங்கள்தானே தங்கச்சி. முதல் பிடியிலேயே விட்டால் பிறகு ஆர் மதிப்பினம்? செவ்வாய்க்கிழமை பாப்பம்."

செயலாளரின் போன் வேலை செய்யவில்லை. எடித் றஞ்சிதத்தைக் கூட்டிக்கொண்டு பழைய சந்தை வளவுக்குப் போனாள். காவலுக்கு யாகப்பர் இருந்தார், சபையில் நெடுநாள் வேலை செய்கிறவர். வேலிக்குள்ளே மிருகங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரு மரம் கிடையாது. நிலத்தில் புல் கிடையாது. பழைய சீமெந்துத் தரை வெயிலை வாங்கித் திருப்பி அடித்தது. சிவலைப் பசு வேலியோரம் வந்து றஞ்சிதத்தைக் கண்டு கத்தியது. மடி வீங்கி, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி?" என்றாள் எடித்.

"பைப்பிலை காலமை கொஞ்சம் வந்தது. ரெண்டு மூண்டு வாளி வைச்சனான். பெரிய மாடுகள் குடிச்சுப் போட்டுது, மற்றதுகளைக் கிட்ட விடேல்லை" என்றார் யாகப்பர். "ஆர் வைக்கிறதெண்டு எனக்கொருத்தரும் சொல்லேல்லை மகள்."

ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் எழுதவில்லை. எடித் றஞ்சிதத்தை வேலிக்கு உள்ளே விட்டுப் பாலையாவது கறக்கச் சொன்னாள். யாகப்பர் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். ஆனால் அந்த நெரிசலில் சிவலை மிரண்டு உதைத்ததே தவிர நின்று கொடுக்கவில்லை. எடித் ஓட்டோ பிடித்து, ஹமீட்டின் கடைக்குப் போய்ப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாக்கள் கேட்டாள். அவர் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. பீப்பாக்களோடு தானும் வந்தார். இரண்டு பேருமாகக் கிணற்றுத் தண்ணி ஏற்றி இறக்கினார்கள். ஊற்ற ஊற்ற முடிந்தது. பெலத்தவை குடித்தன. கழுதைகள் பின்னால் நின்று பார்த்தன.

அன்று முழுக்க அவள் வீட்டுக்கும் வளவுக்குமாக நடந்தாள். நடக்கும்போதெல்லாம் அடுத்த ஒழுங்கையிலிருந்து கன்றின் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பூசை முடிய முன்னரே எழும்பி, நேரே வளவுக்குப் போனாள். உச்சி வெயில். வேலியோரம் ஒரு கழுதைக்குட்டி காலை நீட்டிக் கிடந்தது. கண்ணில் இலையான் மொய்த்தது. சிவலைப் பசு கத்தவில்லை. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் றஞ்சிதம் குந்தியிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எடித்தைக் கண்டு எழும்பவுமில்லை, ஏசவுமில்லை.

"யாகப்பரண்ணை, பூட்டின்ர திறப்பைத் தாங்கோ."

"ரசீது இல்லாமல் நான் தந்தா என்ர வேலை போகும் மகள். அதுவும் இந்த வயசிலை."

"சரி. நீங்கள் தரவேண்டாம். ஆனா நான் செய்யிறதைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. ஆர் செய்ததெண்டு கேட்டா என்ர பேரைச் சொல்லுங்கோ."

அவள் பழைய சந்தைத் திண்டிலிருந்து பெயர்ந்து கிடந்த ஒரு சீமெந்துக் கட்டியைத் தூக்கினாள். பூசைக்கு உடுத்த சேலையோடு, தலைக்குப் போட்ட முக்காடு தோளில் சரிய, பூட்டில் ஓங்கி அடித்தாள். பூட்டு அசையவில்லை. மறுபடி அடித்தாள். விரல் நசுங்கி இரத்தம் வந்தது. றஞ்சிதம் ஓடிவந்து, "விடுங்கோ அக்கா, விடுங்கோ" என்றாள். எடித் விடவில்லை. கொண்டி பிடுங்கிக்கொண்டு வந்தது. தகரப் படலை தானாகச் சரிந்து திறந்தது.

மிருகங்கள் முதலில் நம்பாமல் நின்றன. பிறகு எல்லாம் ஒன்றாக வெளியே வந்தன. வந்தவை நேரே றோட்டுக்குத்தான் போயின.

எடித் இவ்வளவு காலமும் எதை நினைத்துப் பயந்தாளோ அதைத் தன் கையாலேயே திறந்து விட்டிருக்கிறாள். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஹோன் கேட்டது. அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். றோட்டு நடுவில் போய் நின்று, முக்காட்டை உருவி இரண்டு கையாலும் வீசினாள். "நிப்பாட்டு! நிப்பாட்டு!" பஸ் கிறீச்சிட்டு அவளுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. சாரதி தலையை நீட்டித் தூஷணத்தால் ஏசினான். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மாடுகள் கடந்து முடியும் வரைக்கும் அப்படியே நின்றாள். பின்னால் வான்கள், ஓட்டோக்கள், மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டின. கழுதைகள் பனந்தோப்புப் பக்கம் போய் மறைந்தன. மற்ற மாடுகள் தங்கள் தங்கள் வளவுகளைத் தேடிப் போயின. றஞ்சிதம் தன்னுடைய இரண்டையும் முன்னால் விட்டு நடந்தாள். எடித் தார் சுடச் சுட வெறுங்காலோடு, வருகிற வாகனம் ஒவ்வொன்றுக்கும் கை காட்டி மறித்தபடி, அவளுக்குப் பின்னால் போனாள்.

கன்று தாயைக் கண்டதும் ஓடிவந்து மடியில் முட்டியது. சிவலைக்கு நொந்திருக்க வேண்டும். காலைத் தூக்கி உதறியது. கன்று விடவில்லை. றஞ்சிதம் தண்ணி வைக்க ஓடினாள். எடித் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் பெனடிக்ற் அவளுடைய விரலுக்கு மருந்து போட்டுத் துணி சுற்றினான். செய்தி அவனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

"உங்களுக்கு நான் துரோகம் செய்து போட்டனோ?" என்று கேட்டாள்.

"என்ன கதை கதைக்கிறாய்." அவன் துணியை முடிந்துவிட்டான். "அண்டைக்கு நான் றோட்டிலை கிடக்கேக்கை அந்த மாடும் பக்கத்திலைதான் கிடந்தது. ஆக்கள் வர நேரம் எடுத்தது. அதின்ர மூச்சு என்ர முகத்திலை பட்டுக்கொண்டிருந்தது. எழும்பப் பாக்கும், ஏலாது. நானும் எழும்பப் பாப்பன், ஏலாது. எனக்கு அதிலை கோவம் வரேல்லை எடித். மூச்சு நிண்டபோது எனக்குத்தான் பயம் பிடிச்சது, தனிய விட்டிட்டுதே எண்டு."

"இதை ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ எங்கை ஒரு இடத்திலை இருந்தனீ, சொல்லுறதுக்கு?"

எடித் அழுதாள். விபத்து நடந்த நாளில் ஓடித் திரிந்ததில் அழ மறந்திருந்த அழுகையும் அதோடு வந்தது.

செவ்வாய்க்கிழமை கந்தோர் திறந்தது. தவிசாளர் விஷயத்தை அமத்திவிடப் பார்த்தார். பூட்டு பழசு, தானாகக் கழன்றது என்று எழுதிவிடலாம் என்றார். எடித் சம்மதிக்கவில்லை.

"அப்பிடி எழுதினா நாளைக்கு யாகப்பரண்ணையைத்தான் கேப்பியள். முறைப்பாடு போடுங்கோ. உடைச்சது நான்."

"சனம் சிரிக்கும் தங்கச்சி."

"சிரிக்கட்டும்."

சனம் சிரித்தது. தன்னுடைய உபவிதியில் தானே முதல் குற்றவாளி ஆனவள் என்று சந்தையில் கதைத்தார்கள். முகப்புத்தகத்தில் படம் போட்டார்கள், பஸ்ஸுக்கு முன்னால் முக்காட்டை வீசிக்கொண்டு நிற்கிற படம். மாட்டில் அடிபட்டு மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் வீட்டுக்கே வந்து, "உன்னை நம்பித்தானே வோட்டுப் போட்டம்" என்று மண்ணள்ளி எறியாத குறையாக ஏசிவிட்டுப் போனாள். அந்த ஏச்சு மட்டும் எடித்துக்கு ஆறவில்லை.

நீதிமன்றத்தில் அவளுடைய முறை வந்தபோது நீதவான் குற்றப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த உபவிதியை சபைக்குக் கொண்டு வந்தது யார்?"

"நான்தான் ஐயா."

"அப்படியென்றால் குற்றம் என்று தெரிந்துதான் செய்திருக்கிறீர்கள்?"

"ஓம் ஐயா. உடைக்கேக்கை தெரியும். எழுதேக்கைதான் ஒண்டும் தெரியாது."

சட்டத்தரணிகள் இருந்த வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதைக் கருத்தில் எடுத்து, சிறு தண்டத்தோடு விட்டார்.

அடுத்த கூட்டத்தில் எடித் திருத்தப் பிரேரணை கொண்டுவந்தாள். தண்ணி, நிழல், தீனி. கன்று போட்ட பசுவைக் கன்றோடு சேர்த்து வைப்பது. லீவு நாளிலும் ரசீது எழுத ஒரு ஆள். ஹமீட் அன்றைக்கு எழுதிக் கொடுத்ததேதான். அவள் ஒரு சொல்லும் மாற்றவில்லை. "இது ஹமீட் நானா முதலே சொன்னது. நான்தான் அவசரத்திலை தள்ளி விட்டனான்" என்று எழும்பி நின்று சொன்னாள். ஹமீட் வழிமொழிந்தார். பதவி விலக வேண்டும் என்று இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். வாக்கெடுப்பில் பிரேரணை வென்றது. இனி அது மறுபடி யாழ்ப்பாணத்துக்குப் போய், மேசை மேசையாக ஏறி இறங்கி, வர்த்தமானிக்கு வர வேண்டும்.

இந்தமுறை அவர்கள் அதற்காகச் சும்மா காத்திருக்கவில்லை. வர்த்தமானி வரும் வரைக்கும் ஒரு மிருகத்தையும் அடைப்பதில்லை என்று சபை முடிவெடுத்தது. வளைவில் ஒரு பெரிய லைற் போட்டார்கள். ஹமீட் தன்னுடைய செலவில் பழைய சந்தை வளவில் தண்ணித் தொட்டி கட்டுவித்தார். எடித் பின்னேரங்களில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், "மாட்டைக் கட்டினியளோ? கட்டினியளோ?" என்று கேட்டுத் திரிந்தாள். சிலர் கட்டினார்கள். சிலர் அவளைக் கண்டதும் படலையைச் சாத்தினார்கள்.

வைகாசியில் பெனடிக்ற்றுக்குக் கிளினிக் இருந்தது. எடித் ஓட்டோ பிடித்து அவனை ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போனாள். தோட்டவெளிக்குக் கிட்ட ஓட்டோ நின்றது. நடு றோட்டில் ஒரு வெள்ளை எருது குறுக்கே நின்று, அவர்களைப் பார்த்தபடி அசை போட்டது. ஓட்டோக்காரன் ஹோனில் கை வைத்தான்.

"ஹோன் அடியாதை தம்பி. அது தானாப் போகும்" என்றான் பெனடிக்ற். "நேரம் கிடக்கு. கொஞ்சம் பொறுப்பம்."

"நீங்கள் பொறுங்கோ" என்றாள் எடித். அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், எருதின் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். அது நகரவில்லை. பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. அவள் லொறிக்குக் கையைக் காட்டி மறித்துவிட்டு, மறுபடி தோள் கொடுத்துத் தள்ளினாள்.